அடுக்ககத் தேர்தலில் முன்னுரிமை வாக்கு: பைலா முதல் எண்ணும் மேஜை வரை

தலைவர் பதவிக்கு நாலு பேர் நிற்கிறார்கள். செல்லும் வாக்கு 197. அதில் 78 வாங்கியவர் ஜெயித்துவிடுகிறார். மீதி 119 வீட்டுக்காரர்களும் அடுத்த இரண்டு வருடம் மெயின்டனன்ஸ் உயர்வு, தண்ணீர் லாரிக் கணக்கு என்று எது வந்தாலும் ‘நாங்க இவருக்குப் போடலையே’ என்பார்கள். இதைச் சரிசெய்யத்தான் முன்னுரிமை வாக்கு. வாக்காளர் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்தாமல், வேட்பாளர்களை 1, 2, 3 என்று தன் விருப்பப்படி வரிசைப்படுத்துகிறார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், சுற்றுக்கு ஒருவராகக் கடைசியில் இருப்பவர் விலக்கப்படும்போது அவருடைய சீட்டுகள் வீணாகாமல் அடுத்த விருப்பத்துக்குப் போகின்றன.

பெங்களூரின் சர்ஜாபூர் சாலை, ஒயிட்பீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அடுக்ககங்களிலும், அல்சூர், சிவாஜி நகர்ப் பக்கத்துச் சங்கங்களிலும் தேர்தல் நடத்தும் பொறுப்பு வந்து சேர்ந்த தமிழர்களுக்காக இதை எழுதுகிறோம். ஐந்நூறு வாக்கு வரை கையாலேயே எண்ணிவிடலாம், மென்பொருள் வேண்டாம். ஆனால் படிகளின் வரிசையை மாற்றக் கூடாது. பெரும்பாலான இடங்களில் முதலில் வாக்குச்சீட்டை அச்சடித்துவிட்டு, எண்ணும் விதியைப் பிறகு யோசிக்கிறார்கள். சிக்கல் அத்தனையும் அங்கேதான் தொடங்குகிறது. தேர்தல் தேதியிலிருந்து பின்னோக்கி நான்கு மாதம் கையில் இருக்கட்டும்.

1. எங்கே செய்யலாம், எங்கே முடியாது

மாநகராட்சி வார்டுத் தேர்தலில் இதை நாமாகக் கொண்டுவர முடியாது. அரசியல் சட்டத்தின் 243 இசட்.ஏ. பிரிவின்படி நகராட்சித் தேர்தல் தொடர்பான சட்டத்தை இயற்றுவது மாநிலச் சட்டமன்றம். வார்டு அளவில் முன்னுரிமை வாக்கு வேண்டுமானால் மாநிலச் சட்டம் திருத்தப்பட வேண்டும். நம் மின்னணு எந்திரம் ஒரு பதவிக்கு ஒரு பொத்தான் என்ற கணக்கில் கட்டப்பட்டது என்பதால், அதற்கும் மாற்று ஏற்பாடு வேண்டும். குடியரசுத் தலைவர், ராஜ்யசபா, சட்டமேலவைத் தேர்தல்கள் இன்றும் காகிதச் சீட்டில் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

அசோசியேஷன், சங்கம் ஆகியவற்றில் நம் பைலாவே தேர்தல் சட்டம். கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டம் 1960-இன் கீழ் பதிவா, கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1972-இன் கீழ் பதிவா என்று முதலில் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். பைலாவைத் திருத்தும் முறையும் வாக்குரிமைக் கணக்கும் அதைப் பொறுத்து மாறும்.

‘இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்’ என்று பொதுக்குழுவில் ஒருவராவது எழுவார். கர்நாடக மேலவையின் பட்டதாரி, ஆசிரியர் தொகுதிகளில் பெங்களூர்க்காரர்கள் இப்படித்தான் வாக்களிக்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மேலவை 1986-இல் கலைக்கப்பட்டதால் அங்கிருந்து வந்த நம்மவர்களுக்கு இந்தச் சீட்டு பழக்கமில்லை, அவ்வளவுதான். 1969 குடியரசுத் தலைவர் தேர்தலையும் எடுத்துக் காட்டலாம். வி.வி.கிரி முதல் முன்னுரிமையில் பெற்றது 4,01,515. தேவைப்பட்டது 4,18,169. அடுத்த முன்னுரிமைகளைச் சேர்த்த பிறகு 4,20,077 பெற்று வென்றார்.

2. ஒரு பதவியா, பல இடமா என்று முதலில் பிரியுங்கள்

தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தனித்தனிப் பதவிக்கு நடந்தால் ஒவ்வொன்றும் ஓர் இடத் தேர்தல். ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழுவை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அவர்களே பிறகு பதவிகளைப் பிரித்துக்கொள்வதானால் அது பல இடத் தேர்தல். வாக்குச்சீட்டு பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் எண்ணும் முறை வேறு.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஓர் இட முறையையே ஏழு தடவை திருப்பிச் செய்வது. முதல் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரை நீக்கிவிட்டு அதே சீட்டுகளை மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார்கள். இப்படிச் செய்தால் 55 சதவீதம் பேர் ஒரே அணியாக நிற்கும் அடுக்ககத்தில் ஏழு இடமும் அந்த அணிக்கே போகும். பி பிளாக்கில் இருக்கும் 40 வீட்டுக்கு ஒரு பிரதிநிதிகூட மிஞ்சமாட்டார். பல இடத்துக்குக் கோட்டா (ஓர் இடத்தை வெல்லத் தேவையான வாக்கு) முறைதான் சரி. 9-ஆம் பகுதியில் வருகிறது.

முதல் தடவை செய்பவர்கள் தலைவர் பதவிக்கு மட்டும் இதைக் கொண்டுவந்து ஒரு தேர்தலை முடித்த பிறகு குழுவுக்கு விரிப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

3. பைலாத் திருத்தம்: சீட்டு பெட்டியில் விழும் முன் எழுத வேண்டியவை

‘தேர்தல் முன்னுரிமை வாக்கு முறையில் நடைபெறும்’ என்ற ஒற்றை வரி போதாது. சீட்டுகளை மேஜையில் கொட்டிய பிறகு எழும் ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பதில் சொன்னாலும் அது யாரோ ஒரு வேட்பாளருக்குச் சாதகமாக இருக்கும். வேட்பாளர் யார் என்றே தெரியாத நேரத்தில் எழுதிய விதியை மட்டும்தான் தோற்றவரும் ஏற்பார். ஆகவே கீழ்க்கண்டவை எழுத்தில் இருக்க வேண்டும்.

எது செல்லாத சீட்டு. 1 என்ற எண்ணே இல்லாதது. இரண்டு பெயருக்கு 1 போட்டது. ஒரே பெயருக்கு 1-உம் இன்னொரு எண்ணும் போட்டது. பெயர், கையெழுத்து, பிளாட் எண் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையாவது எழுதியது. ஒற்றை டிக் போட்டவரின் சீட்டை 1 என்று எடுத்துக்கொள்ளலாமே என்று இளகிய மனத்தோடு கேட்பார்கள். வேண்டாம். ஒரு டிக்கை ஏற்றால் அடுத்து பெருக்கல் குறி வரும், அப்புறம் சுழி வரும். மேஜையில் ஒவ்வொன்றுக்கும் தனி வழக்கு நடக்கும். டிக் போடுபவர்களைத் திருத்த ஒத்திகை இருக்கிறது.

எங்கே சீட்டு தீர்ந்துபோகிறது. 1, 2 போட்டுவிட்டு 3-ஐ விட்டு 4 போட்டிருந்தால், 2 வரை செல்லும். அதற்கு மேல் யாருக்கும் மாற்ற முடியாத, தீர்ந்த சீட்டு. 1-க்குப் பிறகு இரண்டு பேருக்கு 2 போட்டிருந்தால் 1 மட்டும் செல்லும். மேலவைத் தேர்தலிலும் இதுவே விதி என்பதால் விளக்குவது எளிது. தீர்ந்த சீட்டும் செல்லாத சீட்டும் ஒன்றல்ல என்பதையும் எழுதிவையுங்கள். தீர்ந்த சீட்டு முதல் சுற்றில் முழு வாக்காக எண்ணப்பட்டது.

வெற்றிக்கு எவ்வளவு. ‘பாதிக்கு மேல்’ என்றால் எதில் பாதி? முதல் சுற்றின் செல்லும் வாக்கிலா, அந்தச் சுற்றில் இன்னும் உயிரோடு இருக்கும் வாக்கிலா? இதை விட்டுவிட்டால் வரும் விபத்தை 8-ஆம் பகுதியின் கணக்கில் காணலாம்.

சமநிலை. கடைசி இடத்தில் இருவர் சமமானால், முதல் முன்னுரிமை குறைவாகப் பெற்றவர் விலக வேண்டும். அதுவும் சமமானால் குலுக்கல்.

இடையில் ஒருவர் ராஜினாமா செய்தால் என்ன. வீட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. மறுதேர்தலா, பழைய சீட்டுகளை அவர் பெயரை நீக்கி மறுபடி எண்ணுவதா என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

திருத்தத்துக்கு எத்தனை நாள் நோட்டீஸ், எவ்வளவு பெரும்பான்மை, கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை) எத்தனை என்பதை உங்கள் பைலாவிலிருந்தே எடுத்து நோட்டீஸில் எழுதுங்கள். திருத்த வாசகம் முழுவதையும் நோட்டீஸோடு இணைக்க வேண்டும். ‘பைலாத் திருத்தம் பற்றி விவாதிக்கப்படும்’ என்று மட்டும் அனுப்பினால் பிறகு எதிர்ப்பவருக்குக் கேள்வி கேட்க இடம் கிடைக்கும். நிறைவேறிய திருத்தத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்து, ஒப்புகை கைக்கு வந்த பிறகே தேர்தல் தேதியை அறிவியுங்கள்.

4. வாக்காளர் பட்டியல்

ஒரு பிளாட்டுக்கு ஒரு வாக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அடுக்ககத்தைப் பதிவுசெய்தபோது எழுதிய உறுதிமொழிப் பத்திரமான டீட் ஆஃப் டிக்ளரேஷனைத் திறந்து பாருங்கள். பிரிக்கப்படாத நிலப் பங்கின் சதவீதப்படி வாக்கு என்று அதில் இருந்தால், மூன்று படுக்கையறை வீட்டின் சீட்டும் இரண்டு படுக்கையறை வீட்டின் சீட்டும் ஒரே மதிப்பு அல்ல. அப்போது வீட்டு அளவுக்கு ஒரு நிறமாகச் சீட்டு அச்சடித்து, நிறம் வாரியாக எண்ணி, மதிப்பால் பெருக்க வேண்டும். மொத்தமே இரண்டு பென்ட்ஹவுஸ் இருந்தால் அவற்றுக்குத் தனி நிறம் கொடுத்தால் ரகசியம் போய்விடும். இந்தச் சிக்கலைப் பொதுக்குழுவிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டு உரிமையாளர்களில் யார் வாக்களிப்பது, பாக்கி வைத்திருப்பவருக்கு உரிமை உண்டா, எந்தத் தேதி நிலவரப்படி பட்டியல் என்ற மூன்றையும் முடிவுசெய்து, வாக்குப்பதிவுக்குக் குறைந்தது 15 நாள் முன்பு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

பிராக்ஸி (வராதவருக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்கும் அதிகாரம்) விஷயத்தில் கறாராக இருங்கள். எட்டு வீட்டின் பிராக்ஸியைக் கையில் வைத்திருப்பவர் எட்டுச் சீட்டிலும் ஒரே வரிசையை எழுதுவார். முதல் விருப்பம் மட்டுமல்ல, எட்டு வீட்டின் இரண்டாம், மூன்றாம் விருப்பமும் அவர் கைக்குப் போகிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் உரிமையாளர்களுக்கு இரட்டை உறை ஏற்பாடு மேல்: உள்ளுறையில் சீட்டு, வெளியுறையில் கையெழுத்தும் பிளாட் எண்ணும். பட்டியலில் குறித்துக்கொண்டு வெளியுறையைக் கிழித்து எடுத்து, உள்ளுறையை மட்டும் பெட்டியில் போட வேண்டும்.

5. வாக்குச்சீட்டு

பெயர், அதற்கு எதிரே ஒரே ஒரு காலிக் கட்டம். அவ்வளவு போதும். 1, 2, 3, 4 என்று பத்தி பிரித்துக் கட்டம் போட்ட சீட்டுகளை இணையத்தில் பார்த்து நகலெடுக்கிறார்கள். அவை எந்திரம் படிப்பதற்கானவை. கையால் எண்ணும்போது அதில் எந்தப் பத்தியில் டிக் இருக்கிறது என்று தேடியே கண் களைத்துப்போகும்.

பெயர்கள் கன்னடம், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் இருக்கட்டும். இந்தி பேசும் வீடுகள் அதிகமானால் அதையும் சேருங்கள். எண்கள் மட்டும் ஒரே வகை: 1, 2, 3. மேலவைத் தேர்தலில் இந்திய மொழி எண் எதையும் ஏற்கிறார்கள். அவர்களுக்குப் பழகிய ஊழியர்கள் உண்டு. நம் மேஜையில் கன்னட ஒன்று, மேற்புறம் வளைந்து கீழே திறந்த சுழியாக இருப்பதால், அவசரத்தில் எழுதினால் பூஜ்யம் போலத் தெரியும். தமிழ் ஒன்றோ அசல் ‘க’ எழுத்துதான். அதைப் பெயரின் முதலெழுத்து என்று ஒருவர் வாதாடுவார். ‘ஒன்று’, ‘ஒந்து’ என்று எழுத்தால் எழுதுவதும் கூடாது.

பெயர் வரிசையைக் குலுக்கலில் முடிவுசெய்யுங்கள். மேலே இருக்கும் பெயருக்குக் கை தானாகப் போகும் என்பது எல்லாத் தேர்தலிலும் உள்ள சங்கதி. வரிசை எண்ணைப் பெயருக்கு முன்னால் அச்சடிக்கவே வேண்டாம். ‘1. இன்னார்’ என்று இருந்தால், அந்த 1-ஐப் பார்த்துக் கட்டத்திலும் 1 போட்டுவிட்டு நகர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சீட்டின் தொடர் எண் அடிக்கட்டையில் மட்டும். சீட்டின் பின்புறம் தேர்தல் அலுவலரின் முத்திரை. வாக்காளர் எண்ணிக்கையைவிடப் பத்துச் சதவீதம் கூடுதலாக அச்சடித்து, பழுதாகும் சீட்டுகளுக்குத் தனி உறை வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டின் தலைப்பில் மூன்றே வரி: மிகவும் விரும்பும் ஒருவருக்கு 1 போடவும். அடுத்து விரும்புபவருக்கு 2, பிறகு 3 என்று எத்தனை பேருக்கு வேண்டுமோ அத்தனை பேருக்குப் போடவும். ஓர் எண்ணை ஒருமுறை மட்டும் பயன்படுத்தவும்.

6. ஒத்திகை

வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் ஹவுஸில் வைத்துக்கொள்ளுங்கள். வேட்பாளர்களாக வெண்பொங்கல், மசால் தோசை, பிசிபேளே பாத், பூரி. அடுத்த விழாவின் காலை உணவு எது என்பது கேள்வி. எல்லோர் கண் முன்னாலும் எண்ணிக் காட்டுங்கள். பூரி விலக்கப்பட்டு அதன் சீட்டுகள் தோசைக்கும் பொங்கலுக்கும் பிரிவதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பிறகு முறையைப் பற்றிச் சந்தேகம் கேட்பதில்லை.

ஒத்திகையில் இரண்டு கேள்வி கட்டாயம் வரும். ‘நான் 2 போட்டால் என் 1-க்குக் கெடுதலா?’ இல்லை. உங்கள் முதல் விருப்பம் களத்தில் இருக்கும்வரை 2-ஐ யாரும் திறந்தே பார்ப்பதில்லை. ‘ஒருவருக்கு மட்டும் 1 போட்டு நிறுத்தலாமா?’ நிறுத்தலாம், சீட்டு செல்லும். அவர் விலக்கப்பட்டால், கடைசி இருவரில் யார் என்ற முடிவில் உங்களுக்குப் பங்கிருக்காது.

பூத் ஏஜென்டுகளையும் எண்ணப்போகிறவர்களையும் இந்த ஒத்திகையிலேயே மேஜையில் உட்காரவையுங்கள்.

7. வாக்குப்பதிவு நாள்

காலிப் பெட்டியைத் திறந்து காட்டி, ஏஜென்டுகள் கையெழுத்திட்ட தாளை ஒட்டி மூடுங்கள். ஒரே நிறப் பேனாக்களை நீங்களே கொடுங்கள். மேலவைத் தேர்தலில் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாதான் தருவார்கள். பேனாவின் நிறத்தை வைத்து இது யார் சீட்டு என்று அறிய முடியாது. எண்ணும் நேரத்தில் யாராவது ஓர் எண்ணைச் சேர்த்தால் நிறமே காட்டிக்கொடுக்கும். எண்ணும் அறைக்குள் எந்தப் பேனாவையும் அனுமதிக்காதீர்கள். படிவம் எழுதுபவருக்குப் பென்சில்.

வரிசைப்படுத்த நேரம் பிடிக்கும். ஒரு மறைப்புக்குப் பதில் மூன்று மறைப்பு வையுங்கள்.

8. எண்ணும் மேஜை: ஓர் இடம்

வேட்பாளருக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, கூடவே ‘செல்லாதது’, ‘தீர்ந்தது’ என்று இரண்டு தட்டு, ரப்பர் பேண்டு, சுற்றுக்கு ஒரு படிவம். ஒருவர் சீட்டை விரித்துப் படிக்க, இன்னொருவர் பார்த்து ஆமோதிக்க, மூன்றாமவர் தட்டில் வைக்க வேண்டும். 25 சீட்டுக்கு ஒரு கட்டு.

பதிவானது 203, செல்லாதது 6, செல்லும் வாக்கு 197 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் என்றால் 99 வேண்டும்.

முதல் சுற்று: க 78, ச 55, த 41, ப 23. யாருக்கும் 99 இல்லை. ப விலக்கப்படுகிறார்.

இரண்டாம் சுற்று: ப-வின் 23 சீட்டில் அடுத்த விருப்பம் ச-வுக்கு 9, த-வுக்கு 8, க-வுக்கு 3, மீதி 3 தீர்ந்தது. இப்போது க 81, ச 64, த 49, தீர்ந்தது 3. கூட்டினால் 197. த விலக்கப்படுகிறார்.

மூன்றாம் சுற்று: த-வின் 49 சீட்டில் ச-வுக்கு 31, க-வுக்கு 11, தீர்ந்தது 7. க 92, ச 95, தீர்ந்தது 10. மறுபடி 197.

ச முன்னணியில் இருக்கிறார், ஆனால் 99-ஐத் தொடவில்லை! பைலாவில் ‘செல்லும் வாக்கில் பாதிக்கு மேல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். களத்தில் உயிரோடு இருப்பது 187 வாக்கு. அதில் பாதி 93.5. ‘தொடரும் வாக்குகளில் பாதிக்கு மேல் பெறுபவர் வென்றவர்’ என்று எழுதியிருந்தால் 95 பெற்ற ச வென்றுவிட்டார், சண்டைக்கு இடமில்லை.

இந்தக் கணக்கிலேயே மற்ற தவறுகளையும் பார்த்துவிடலாம். த-வின் தட்டில் ஒரு சீட்டில் 2 என்பது ப-வுக்கு இருந்தால், ப ஏற்கெனவே போய்விட்டார். 3-ஐப் பார்க்க வேண்டும். அதைத் ‘தீர்ந்தது’ தட்டில் வீசுவது அடிக்கடி நடக்கும் பிழை. நேரத்தை மிச்சப்படுத்த கடைசி இருவரை ஒரே மூச்சில் விலக்குவார்கள். த-வும் ப-வும் சேர்ந்தால் 64, அது ச-வின் 55-ஐவிட அதிகம். ப-வின் சீட்டுகள் போதுமான அளவு த-வுக்குப் போயிருந்தால் த ச-வைத் தாண்டியிருக்கலாம். இருவரின் கூட்டுத்தொகை அடுத்தவரைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே சேர்த்து விலக்கலாம். எல்லோருடைய இரண்டாம் விருப்பங்களையும் மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பது வேறொரு முறை. இங்கே அதற்கு வேலையில்லை. க-வின் 78 சீட்டில் யாருக்கு 2 என்பதை நாம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, கவனியுங்கள்.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் தீர்ந்ததையும் சேர்த்துக் கூட்டுத்தொகை 197 வந்தே தீர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள். மாறும் சீட்டுகளைப் பழைய கட்டோடு கலக்காமல், ‘சுற்று 2, ப-விடமிருந்து’ என்று துண்டுச் சீட்டு வைத்துத் தனிக் கட்டாகவே வையுங்கள். மறு எண்ணிக்கை கேட்டால் பத்து நிமிடத்தில் பின்னோக்கிப் போகலாம்.

9. எண்ணும் மேஜை: ஏழு பேர் குழு

கோட்டா கணக்கிட, செல்லும் வாக்கை இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, வரும் ஈவோடு ஒன்றைச் சேர்த்து, பின்னத்தை விட்டுவிட வேண்டும். 197-ஐ 8-ஆல் வகுத்தால் 24 சொச்சம், கோட்டா 25. 31 வாங்கியவர் தேர்வாகிவிட்டார், 6 உபரி. எந்த 6 சீட்டை அடுத்தவருக்கு மாற்றுவது? மேலே இருக்கும் 6-ஐ எடுத்தால் முடிவு அதிர்ஷ்டத்தின் கையில் போய்விடும்.

ராஜ்யசபாத் தேர்தலில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் மதிப்பு 100. மொத்தம் 19,700, கோட்டா 2,463. அவருடைய மதிப்பு 3,100, உபரி 637. 31 சீட்டையும் பிரித்துப் பாருங்கள். 28-இல் அடுத்த விருப்பம் இருக்கிறது, 3-இல் இல்லை. 637-ஐ 28-ஆல் வகுத்தால் 22; பின்னத்தை விடுகிறோம். 28 சீட்டும் தலா 22 மதிப்போடு அடுத்தவர்களுக்குப் போகின்றன. மாறிய மொத்தம் 616, மீதி 21 ‘பின்ன இழப்பு’ என்று படிவத்தில் ஏறும். அந்த வரி படிவத்தில் இல்லாவிட்டால் கூட்டுத்தொகை ஒருபோதும் சேராது. எண்ணுபவர்கள் நள்ளிரவு வரை தேடுவார்கள்.

உபரி எல்லாவற்றையும் பெரியதிலிருந்து முதலில் மாற்றி முடியுங்கள். பிறகுதான் கடைசி ஆளை விலக்குவது. மாற்றிய சீட்டுகளால் இன்னொருவருக்கும் உபரி வந்தால், அவருக்குக் கடைசியாக வந்து சேர்ந்த கட்டிலிருந்து மட்டும் மாற்ற வேண்டும்.

பெண்களுக்கு இரண்டு இடம் என்று ஒதுக்கீடு இருந்தால், களத்தில் மிஞ்சும் பெண் வேட்பாளர் எண்ணிக்கை நிரம்பாத ஒதுக்கீட்டுக்குச் சமமாகும்போது அவர்களை விலக்கக் கூடாது என்று பைலாவில் இருக்க வேண்டும்.

10. முடிவும் சீட்டுகளும்

வென்றவர் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள். சுற்று வாரியான அட்டவணையை, தீர்ந்த சீட்டுப் பத்தியோடு, ஏஜென்டுகள் கையெழுத்துடன் அன்றிரவே நோட்டீஸ் போர்டில் ஒட்டி, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுங்கள். முதல் சுற்றில் முந்தியிருந்த க-வின் ஆதரவாளர்கள் அதிலிருந்து தாங்களே கூட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

சீட்டுகளைச் சுற்றுக் கட்டு கலையாமல் துணிப்பையில் போட்டு அரக்கு வைத்து, பையின் மேல் தேதி, பதவி, மொத்த எண்ணிக்கை மூன்றையும் எழுதி, இரண்டு சாவி உள்ள அலமாரியில் வையுங்கள். ஒரு சாவி தேர்தல் அலுவலரிடம், இன்னொன்று நிர்வாகக் குழுவில் இல்லாத உறுப்பினர் ஒருவரிடம். இடையில் வரும் காலியிடத்துக்குப் பழைய சீட்டை எண்ணுவது என்று பைலாவில் முடிவுசெய்திருந்தால், பதவிக்காலம் முடியும்வரை அந்தப் பை பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும்.